முதல் லேத், முதல் பம்பரம்: மரக் கடைசலுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவையில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் லேத், அதாவது மரத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின், போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. கார் வெளியே வெயிலில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடினால் தெருவில் போகிற யாராவது எட்டிப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரம் நிற்பார்கள், அப்புறம் கேள்வி ஆரம்பிக்கும். அடுத்த வாரம் வேறு ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்பார். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே ஒரு இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே விட்டிருக்கிறேன்.

கடைசல் என்றால் கட்டில் கால் செய்வார்களே, அதுதானா?

அதேதான். மரத்தை இரண்டு முனையிலும் பிடித்துச் சுழலவிட்டு, அசையாத ஒரு தாங்கியின் மேல் உளியை வைத்துச் சீவினால் உருண்டையான எதுவும் வரும். கட்டில் கால், ஊஞ்சல் சங்கிலிக் குமிழ், பூரிக்கட்டை, தொட்டில் கம்பு, பம்பரம், சொப்புச் சாமான் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். மரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்து உள்ளே குடைந்தால் கிண்ணம், குப்பி, குங்குமச் சிமிழ்.

மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே சொல்தான். பழைய பட்டறையில் மரத்தின் மேல் கயிற்றைச் சுற்றி ஒருவர் மாறி மாறி இழுப்பார், மத்துக்கு இழுப்பது போலவே. மரம் முன்னும் பின்னும் சுழலும். தன் பக்கம் வரும் சுற்றில் மட்டும் கடைசல்காரர் உளியை வைப்பார். மோட்டார் வந்ததும் கயிறு இழுக்கிற ஆள் வேலை போனது. உளி பிடிக்கிற வேலை அப்படியே இருக்கிறது.

லேத் வாங்காமலே கொஞ்சம் பழகிப் பார்க்க முடியுமா சார்?

முடியும், அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். உங்கள் ஊரில் மரவாடிகள் இருக்கும் தெருவில் விசாரித்தால் ஒரு கடைசல் பட்டறை கட்டாயம் இருக்கும். போய் இரண்டு காலைப்பொழுது சும்மா உட்காருங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். அவர் உளியை எந்த உயரத்தில் பிடிக்கிறார், உடம்பு எப்படி அசைகிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சாணை பிடிக்கப் போகிறார் என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை எண்ணிக்கொண்டே பாருங்கள். வீடியோவில் சாணை பிடிக்கிற இடத்தையெல்லாம் வெட்டிவிடுகிறார்கள். அதனால்தான் அதைப் பார்த்துப் பழகுகிறவர்கள் மொட்டை உளியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பட்டறைக்காரர்கள் செய்வது எல்லாவற்றையும் பின்பற்ற வேண்டாம். முகக்கவசம் இல்லாமல், லுங்கியோடு, செருப்புக் காலோடு வேலை செய்வார்கள். முப்பது வருடக் கை அவர்களுடையது. நமக்கு அது கிடையாது.

எவ்வளவு பெரிய லேத் வாங்கணும்?

நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். லேத்துக்கு இரண்டு அளவு சொல்வார்கள். ஒன்று, எவ்வளவு அகலமான மரம், அடியில் நீளமாக ஓடும் இரும்புப் படுக்கையில் இடிக்காமல் சுழலும் என்பது. இன்னொன்று, இரண்டு முனைக்கும் நடுவே எவ்வளவு நீளம் பிடிக்கும் என்பது. 12 அங்குல அகலமும் 18 அங்குல நீளமும் உள்ள நடுத்தர லேத் வீட்டுக்குப் போதும். அதில் பம்பரம், பூரிக்கட்டை, சிமிழ், பேனா, பத்து அங்குலம் வரைக்கும் கிண்ணம் எல்லாம் வரும். 12 அங்குல லேத்தில் 12 அங்குலக் கிண்ணம் வராது. உளியை வைக்கும் தாங்கிக்கு டூல் ரெஸ்ட் என்று பெயர், அதைத் தாங்கும் இரும்புக்கும் கீழே இடம் வேண்டும்.

கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பு என்று நீளமாகச் செய்ய ஆசை இருந்தால் படுக்கை நீட்டிக்கொள்ளும்படியான லேத் பாருங்கள். எடை அதிகம் இருப்பது நல்லது. தூக்கி வைக்கிற அன்று திட்டுவீர்கள், மற்ற நாளெல்லாம் வாழ்த்துவீர்கள். எடை குறைவான லேத்தாக இருந்தால் மேசையோடு போல்ட் போட்டு முடுக்கி, மேசையின் கீழ்த்தட்டில் இரண்டு மூட்டை மணல் வையுங்கள். அதிர்வு பாதியாகக் குறையும். சுழலும் அச்சு உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். குனிந்து வேலை செய்தால் இரண்டாவது வாரமே இடுப்பு பேசும்.

லேத் வாங்கப் போகும்போது எதைப் பார்த்து வாங்குவது? பெயின்ட் எல்லாம் பளபளன்னு இருக்கு, ஒண்ணும் புரியல.

மூன்று விஷயம். முதலாவது, மரத்தைப் பிடிக்கும் அச்சின் மரை. ஒரு அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை, அல்லது மெட்ரிக்கில் 33 மில்லிமீட்டர் விட்டத்தில் 3.5 மில்லிமீட்டர் இடைவெளி மரை என்றால், மரத்தைத் தாடைகளால் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ பெரும்பாலும் எதை வாங்கினாலும் மாட்டலாம். நான் முதலில் வாங்கிய லேத்தின் மரை எந்தக் கணக்கிலும் வரவில்லை. விற்ற கடைக்காரர் ‘எல்லாம் மாட்டும் சார்’ என்றார். எதுவும் மாட்டவில்லை. கடைசியில் ஒரு டர்னரிடம் கொடுத்து அடாப்டர் கடைந்து வாங்கினேன். லேத்துக்கே ஒரு லேத் தேவைப்பட்டது.

இரண்டாவது, அச்சின் உள்ளே இருக்கும் கூம்புத் துளை. மோர்ஸ் டேப்பர் 2 என்று கேளுங்கள். சின்ன லேத்தில் 1 இருக்கும். அதற்கு உபரிப்பொருள்கள் குறைவு. மூன்றாவது, இரண்டு முனைக் கூர்களையும் ஒன்றை ஒன்று தொடும்படி நகர்த்திப் பாருங்கள். நுனியும் நுனியும் நேருக்கு நேர் முத்தமிட வேண்டும். விலகி நின்றால் அந்த லேத் வேண்டாம். அப்புறம் அச்சைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், பேரிங் ஆட்டம் கையிலேயே தெரியும்.

உள்ளூர் ஒர்க்ஷாப்பில் ஆங்கிள், சேனல் வைத்து வெல்டிங் பண்ணிக் கொடுக்கிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

பட்டறைகளில் கட்டில் கால் கடைகிற லேத் பெரும்பாலும் அப்படித்தான் பிறந்தது. இரண்டு சேனல், பிளம்மர் பிளாக் பேரிங், படிப் புல்லி, பழைய மோட்டார். நீளமான வேலைக்குத் தங்கமானது. முன் கேள்வியில் சொன்ன மூன்று சோதனையையும் செய்து, கூர்கள் நேராக நின்றால் வாங்கலாம். கிண்ணம் கடையத்தான் ஆசை என்றால் யோசியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்துக் குடையும்போது பேரிங் மேல் வரும் பாரம் வேறு மாதிரி. புல்லியும் பெல்ட்டும் கம்பி வலைக்குள் மூடியிருக்க வேண்டும். இதில் பேரம் பேச இடமில்லை.

டிரில் மெஷினை மாட்டிக் கடைகிற செட் ஒன்று மலிவாக இருக்கே?

வாங்காதீர்கள். டிரில் பேரிங் நேராக அழுத்துவதற்குச் செய்தது, பக்கவாட்டுப் பாரம் தாங்காது. நாலு பம்பரத்தில் மெஷின் போய்விடும், அதற்கு முன்பே ஆசை போய்விடும்.

எங்க கம்பெனியில் இரும்பு லேத் இருக்கு. அதில் மரம் கடையலாமா?

சுழலும், வெட்டும். ஆனால் அது மெதுவாகச் சுழல்வது. அதில் உளியைக் கையால் பிடிக்க ரெஸ்ட் கிடையாது. மரத்தூள் படுக்கையில் எண்ணெயோடு கலந்து பசையாகும். உங்கள் ஃபோர்மேன் உங்களை விட மாட்டார், அது நியாயம்.

வீட்டு கரண்ட் தாங்குமா? மாடியில் வைக்கலாமா?

நடுத்தர லேத்தில் அரை முதல் ஒரு குதிரைத்திறன் மோட்டார் இருக்கும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட், மாவு கிரைண்டரையோ சின்ன பம்பையோ ஓட்டுகிற வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. தனி 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த் இருந்தால் போதும். இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டாம். கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணையுங்கள். திரும்பி வரும்போது தானாக ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன?

மாடியில் வைப்பதில் லேத் சத்தம் சமாளிக்கக்கூடியது, கீழ் வீட்டுக்குப் போகும் அதிர்வுதான் சண்டை இழுக்கும். கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள். சுருள் சுருளாக விழும் சீவல் நீங்கள் நினைப்பதைவிடப் பத்து மடங்கு வரும். ஒரே கிண்ணத்துக்கு ஒரு சாக்கு. எங்கள் வீட்டுச் செடிகளுக்கெல்லாம் அதுதான் மூடாக்கு.

என்னென்ன உளி வாங்கணும்? எட்டு உளி செட் ஒன்று பெட்டியில் அழகாக இருந்தது.

அந்தப் பெட்டியில் நீங்கள் தினமும் தொடப் போவது நாலு. சதுர மரத்தை உருட்டுவதற்கு அகலமான ரஃபிங் கௌஜ், வளைவுகளுக்கு ஸ்பிண்டில் கௌஜ், அறுத்துப் பிரிக்கவும் அளவு வைக்கவும் பார்ட்டிங் உளி, கிண்ணத்துக்கு பவுல் கௌஜ். கௌஜ் என்றால் வாய் குழிந்த உளி. சாய்வாய் ஸ்கியூ உளி ஒன்றும் பின்னால் வேண்டும். அது பட்டுப் போல் சீவும், கவனம் சிதறினால் திருகுபோல் மரத்தில் தடம் இழுத்துவிட்டுப் போகும். முதல் மாதம் அதைச் சுவரில் மாட்டி வையுங்கள்.

எஃகு எது என்று கேட்டு வாங்குங்கள். ஹைஸ்பீட் ஸ்டீல் வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகு சாணையில் சூடாகி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போச்சு, அப்புறம் கூர் நிற்காது. ஹைஸ்பீட் எஃகு ஏறக்குறைய 600 டிகிரி வரை பதத்தை விடாது.

கிரைண்டர் தனியாக வாங்கணுமா? உளி புதுசுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். லேத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வையுங்கள். அது சாணைக்கல் ஓடும் கிரைண்டருக்கும், உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் ஜிக்குக்கும். பணம் பத்தவில்லை என்றால் சின்ன லேத் வாங்குங்கள், கிரைண்டரை விடாதீர்கள். புது உளி பெரும்பாலும் கூராக வருவதில்லை. வந்தாலும் வேம்பில் பத்து நிமிடம் ஓட்டினால் மழுங்கிவிடும். ஒரு நிமிடத்தில் அந்த உளி முன் கடக்கும் மரத்தின் நீளத்தைக் கணக்குப் போட்டால் காரணம் புரியும். பத்து அங்குலக் கிண்ணம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழன்றால், அதன் விளிம்பு கிட்டத்தட்ட 800 மீட்டர் ஓடுகிறது. இழைப்புளி அவ்வளவு தூரம் போக ஒரு காலைப்பொழுது ஆகும்.

எட்டு அங்குலக் கல், நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மெதுவான கிரைண்டர் நல்லது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 2,800க்கு மேல் ஓடும். அதுவும் பரவாயில்லை, லேசாகத் தொட்டு எடுங்கள். கூடவே வரும் சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டு 80 எண் வெள்ளைக் கல் போடுங்கள். கோணத்துக்கு ரஃபிங் கௌஜ் 45 டிகிரி, ஸ்பிண்டில் கௌஜ் 35 முதல் 40, பவுல் கௌஜ் 55 முதல் 60. இந்த எண்களில் இரண்டு டிகிரி முன்னே பின்னே போனால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு முறையும் அதே கோணம் வர வேண்டும், அதற்குத்தான் ஜிக். கையால் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் புது உளி செய்கிறீர்கள், எஃகு காசு கரைகிறது.

கூர் போய்விட்டது என்று எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்பீர்கள். நீங்கள் உளியைத் தள்ள ஆரம்பித்தாலே கூர் போய்விட்டது. சுருளாக வந்த சீவல் தூளாக வந்தாலும் அதுதான்.

சாணையே வேண்டாம், சின்ன பிளேட்டைத் திருப்பி மாட்டினால் போதும் என்று கார்பைடு உளி விற்கிறார்களே?

நல்ல உளிதான். படுக்கையாக வைத்துத் தள்ளினால் வெட்டும், பழகுவது சுலபம். அது சீவுவதில்லை, சுரண்டுகிறது. மேல்தளம் முரடாக நிற்கும், உப்புத்தாள் வேலை கூடும். ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே வைத்துப் பழகியவர்கள் பிறகு கௌஜுக்கு வரவே மாட்டார்கள் என்பதைப் பார்த்துவிட்டேன்.

மரம் எங்கே வாங்குவது? மரவாடியில் தேக்கு விலை கேட்டால் மயக்கம் வருது.

தேக்கு வேண்டவே வேண்டாம். அதில் உள்ள சிலிக்கா உளியைத் தின்னும். பழகுவதற்கு விறகுக்கடைதான் சரியான இடம். மின்கம்பிக்காக வெட்டிப் போட்ட கிளை, புயலில் விழுந்த மரம், பக்கத்து வீட்டில் கழிக்கிற கொய்யா. எங்கள் ஷெட்டில் இருப்பதில் பாதிக்கு மேல் இப்படி வந்தது.

கொய்யா நெருக்கமான இழை, பம்பரத்துக்குச் சொல்லி வைத்த மரம். வேம்பு எங்கும் கிடைக்கும், வாசனை நல்லாயிருக்கும். இழை குறுக்கு மறுக்காக ஓடும், அதனால் பொறுமை வேண்டும். மா மென்மையானது, கிண்ணம் பழகச் சரி, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பூவரசுக்கு ஈடு இல்லை. வைரம், அதாவது நடுவில் இருக்கும் முற்றிய கட்டை, பழுப்பு நிறம், மெழுகு பூசின மாதிரி மினுக்கம். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மீலோ என்று சொல்லிச் சாப்பாட்டுக் கிண்ணம் கடைந்தார்கள், உணவில் வாடை ஏற்றாது என்பதற்காக. நம் ஊரில் அதை வேலி ஓரம் நட்டு, இலையில் பீப்பீ ஊதிவிட்டு மறந்துவிட்டோம்.

இன்னொன்று சீமைக்கருவேலம். எல்லாரும் திட்டுகிற மரம். இராமநாதபுரம், விருதுநகர் பக்கம் கரிமூட்டத்துக்குப் போகிறது. காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும், அதனால் கோணாது, வெடிப்பதும் குறைவு. வைரம் சாக்லேட் நிறம், ஓரம் மஞ்சள். கடினமானது, கூர் உளி கேட்கும். தடித்த துண்டு கிடைப்பதுதான் கஷ்டம். பொம்மைக்கு வெட்பாலை. கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் அந்த வெள்ளை மரத்தில்தான் கடைகிறார்கள்.

தென்னையும் பனையும் வேண்டாம். அவற்றில் ஆண்டு வளையம் கிடையாது, நார்க்கட்டுதான். ஈட்டி முனைபோல் பிய்ந்து வரும்.

தொடவே கூடாத மரம் உண்டா அண்ணே?

உண்டு. அரளி, எட்டி இரண்டும் நஞ்சு, தூள்கூட வேண்டாம். பிச்சாவரம் மாதிரி கழிமுகங்களில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சந்தனம், செம்மரம், ஈட்டி மூன்றும் வேறு வகை ஆபத்து. உங்கள் தோட்டத்தில் நின்றதாகவே இருந்தாலும் வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

பொதுவாக எந்த மரத்தூளுமே நுரையீரலுக்கு நல்லதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சீவலைவிட உப்புத்தாள் போடும்போது பறக்கும் மெல்லிய தூள்தான் மோசம். அப்போது என்95 முகமூடி போடுங்கள். கைக்குட்டை கட்டுவது மனசு சமாதானத்துக்கு மட்டும்.

எந்த வேகத்தில் ஓட்டுவது? வேகமாக ஓடினால்தான் வழவழன்னு வருமாமே?

மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து சுற்று எண்ணால் பெருக்குங்கள். 6,000க்கும் 9,000க்கும் நடுவே வந்தால் சரி. ஆறு அங்குலக் கிண்ணத்துக்கு 1,000 முதல் 1,500. இது உருண்டையாக்கிய பிறகு. கோணலாக இருக்கும் புது மரத்தைக் குறைந்த வேகத்தில் ஆரம்பித்து, அதிர்வு வரும்வரை ஏற்றி, அதிலிருந்து கொஞ்சம் இறக்குங்கள். சுவிட்ச் போடும் முன் வேகக் குமிழ் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாக வேண்டும். நேற்று பம்பரத்துக்கு 2,500 வைத்ததை மறந்து இன்று பலாக் கட்டையை மாட்டினேன் ஒருநாள். டியூப் லைட் போனது. தலை போகாததற்குக் காரணம், நான் அந்த நேரம் மரத்துக்கு நேரே நிற்காமல் ஓரமாக நின்றதுதான்.

நான் சேலை கட்டுபவள். இதெல்லாம் செய்யலாமா?

தாராளமாக. ஆனால் லேத் முன்னால் சேலை, துப்பட்டா, வேட்டி, தோளில் துண்டு எதுவும் வேண்டாம். உடம்போடு ஒட்டிய அரைக்கைச் சட்டை, சுருட்டிக் கட்டிய கூந்தல், வளையல் மோதிரம் கழற்றிய கை. கையுறை போடாதீர்கள், சுழலும் மரம் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து எடுக்கும். பாலிஷ் துடைக்கும்போதும் துணி வேண்டாம், கிழிந்துவிடக்கூடிய காகிதம்தான். முகம் முழுக்க மறைக்கும் தடித்த ஷீல்டு வாங்குங்கள், மூக்குக்கண்ணாடி கணக்கில் வராது.

மாட்டியதும் மரத்தை ஒரு சுற்று கையால் சுழற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். டூல் ரெஸ்டை மெஷின் நின்ற பிறகு மட்டும் நகர்த்துங்கள்.

முதலில் என்ன செய்வது?

பம்பரம். இரண்டு அங்குலக் கொய்யா, அரை மணி நேரம். உருட்டுவது, வளைவு, கூம்பு, அறுத்து எடுப்பது எல்லாம் அதில் இருக்கிறது. சரியாக வந்ததா என்று பம்பரமே சொல்லிவிடும்: சாட்டை சுற்றி விட்டால் தூங்கினால் நடுமையம் சரி, தள்ளாடினால் இல்லை. ஆணியை மரம் லேத்தில் இருக்கும்போதே மையக் குழியில் இறக்கப் பழகுங்கள். பத்து பம்பரத்துக்கு அப்புறம் பூரிக்கட்டை. நடுவில் துளி தடித்து ஓரம் மெலியும் அந்த வளைவை ஒரே சீவலில் எடுக்க முடிகிற அன்று வீட்டில் சொல்லிக்கொள்ளுங்கள்.

வெட்டிக்கொண்டிருக்கும்போதே உளி ‘டக்’கென்று மாட்டிக்கொண்டு மரமே பிய்ந்துபோகிறது. என்ன தப்பு?

எல்லாருக்கும் நடக்கும். நடப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மரம் உளியை இழுக்கும் புள்ளிக்கு நேர் கீழே தாங்கி இல்லை. வாயின் ஒரு ஓரம் அந்தரத்தில் நின்றால் மரம் அந்த ஓரத்தைப் பிடித்துத் திருகிவிடும்.

வரிசை இது. முதலில் உளி டூல் ரெஸ்டில் உட்காரட்டும், மரத்தை இன்னும் தொட வேண்டாம். அடுத்து, கூருக்குப் பின்னால் இருக்கும் சாய்முகம் மரத்தை உரசட்டும். இன்னும் வெட்டாது, சும்மா உராயும். அப்புறம் பின்கையால் கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள், ஒரு இடத்தில் நூல் மாதிரி சீவல் எழும்பும். அந்த நிலையிலேயே உடம்போடு நகருங்கள். சாய்முகம் மரத்தை விட்டுப் பிரிந்தால் உளிக்கு வழிகாட்டி இல்லை. மெஷினை அணைத்துவிட்டு, இடது கையால் மரத்தைச் சுழற்றி, வலது கையால் இதையே இருபது தடவை செய்து பாருங்கள். டூல் ரெஸ்டுக்கும் மரத்துக்கும் விரல் தடிமனுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். சாணை பற்றிச் சொன்னதை மறுபடி படியுங்கள். மொட்டை உளியைத் தள்ளுவதில்தான் பாதி விபத்து.

எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வெட்டணும்? ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் பஞ்சு மாதிரி வருது.

பென்சிலை நுனியிலிருந்து பின்பக்கமாக யாரும் சீவுவதில்லை. தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்குச் சீவுகிறோம், இழை ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தாங்குவதால். நீளவாக்கில் இழை ஓடும் பூரிக்கட்டை, கட்டில் கால் எல்லாவற்றுக்கும் அதே விதி: மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. பள்ளத்தின் அடிவரை வந்ததும் நிறுத்தி, மறுபக்க மேட்டிலிருந்து மறுபடி இறங்க வேண்டும். மேலே ஏறினால் பிய்யும்.

கிண்ணத்தில் இழை குறுக்காகப் படுத்திருப்பதால் கணக்குத் தலைகீழ். வெளிப்பக்கம் அடியிலிருந்து விளிம்புக்கு, உட்பக்கம் விளிம்பிலிருந்து நடுவுக்கு. ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் இழையின் வெட்டுமுனை எதிரே வரும், அங்கேதான் பஞ்சு. கூர் ஏற்றி, கடைசிச் சீவலைத் தலைமயிர் கனத்தில் எடுங்கள். உப்புத்தாளால் பஞ்சை ஆற்றப் பார்த்தால் கிண்ணம் முட்டை வடிவம் ஆகும், பஞ்சு போகாது.

சக் கட்டாயமா? விலை லேத்தில் பாதி சொல்கிறார்கள்.

பம்பரம், பூரிக்கட்டைக்கு வேண்டாம். கிண்ணத்துக்கும் ஆரம்பத்தில் ஃபேஸ்பிளேட் போதும், இரும்பு வட்டில் திருகாணி போட்டு மரத்தை இறுக்குவது. மர ஸ்க்ரூ போடுங்கள். கருப்பாக வரும் ஜிப்சம் போர்டு ஸ்க்ரூ தலை முறிந்துபோகும். வருடக் கடைசியில் நாலு தாடை சக் வாங்கலாம். அப்போது சக் பிடிப்பதற்காக மரத்தின் அடியில் விடும் குட்டை முளை சக்கின் அடியைத் தொடக் கூடாது, அதன் தோள்தான் தாடை முகத்தில் உட்கார வேண்டும். அடியை முட்டினால் பிடி இருப்பதுபோல் தெரியும், இருக்காது.

அழகாகக் கடைந்த கிண்ணம் இரண்டே வாரத்தில் கோணிப்போச்சு. வெடிப்பு வேற. ஏன்?

ஈர மரம். மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் ஓட்டத்தில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டம் நீள்வட்டம் ஆவது அதனால்தான். மரத்தின் நடு மையத்தைக் கிண்ணத்துக்குள் விட்டால் வெடிப்பு நிச்சயம். கட்டையை மையத்தோடு பிளந்து, மையம் போக மீதியை எடுங்கள்.

வழி இருக்கிறது, இரண்டு தடவை கடைவது. ஈரமாக இருக்கும்போதே முரட்டுக் கிண்ணமாகக் குடைந்து, சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டு வையுங்கள். எட்டு அங்குலக் கிண்ணத்துக்கு முக்கால் அங்குலத்துக்குச் சற்றே கூட. வெட்டுமுனைகளில் மெழுகு தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றி, காற்று அடிக்காத மூலையில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து அதன்மேலேயே எழுதுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. எனக்கு நாலு முதல் ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் கோண வேண்டியது கோணியிருக்கும். மறுபடி லேத்தில் மாட்டி வட்டமாக்குங்கள்.

நீளக் கம்பு கடையும்போது நடுவில் ‘கிர்ர்’ரென்று அதிர்ந்து திருகுத் தடம் விழுது.

மெலிந்த கம்பு நடுவில் வளைகிறது. மரத்தின் மறுமுனையை அழுத்திப் பிடிக்கும் டெயில்ஸ்டாக்கை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் முதலில் தளர்த்துங்கள், அந்த அழுத்தமே கம்பை வில்லாக்கும். இடது கை விரல்களைக் கம்பின் பின்னால் லேசாக வைத்துத் தாங்குங்கள். விரல் சுட்டால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். நடுப்பகுதியை முதலில் முடித்துவிட்டு முனைகளுக்குப் போவதும் உதவும்.

என்ன பாலிஷ் போடுவது? குழந்தை வாயில் வைக்கும், சாப்பாடு போடுவோம்.

பூரிக்கட்டைக்கு ஒன்றும் போடாதீர்கள், அல்லது தேங்காய் எண்ணெய். சொப்புச் சாமானுக்கு அரக்கு. அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே உருகி ஏறும், பிறகு தாழை ஓலையால் அழுத்தி மினுக்குவார்கள். சென்னபட்டணத்து முறை இது, ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். அரக்கு சூடான டம்ளரைத் தாங்காது, வெள்ளை வளையம் விழும்.

சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி, வாரக்கணக்கில் காயவிட்டு, மேலே தேன்மெழுகு. ஹார்டுவேர் கடையில் ‘பாயில்டு’ என்று விற்பதில் சீக்கிரம் காய உலோக உப்புக் கலந்திருக்கும், உணவுப் பாத்திரத்துக்கு வேண்டாம். முக்கியமாக ஒன்று: ஆளிவிதை எண்ணெய் துடைத்த காகிதத்தையோ துணியையோ கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு உலர்த்துங்கள், இல்லை தண்ணீரில் முக்குங்கள். சீவல் குவிந்த ஷெட்டில் இது விளையாட்டில்லை.

ரஃபிங் கௌஜ் நல்லா பெரிசா இருக்கே, கிண்ணத்தையும் அதிலேயே உருட்டினால் சீக்கிரம் முடியுமே?

வேண்டாம். அந்த உளி கைப்பிடிக்குள் போகும் இடத்தில் பட்டையாக, மெலிதாக இருக்கும். கிண்ணத்தின் வெட்டுமுனை இழை வந்து அடிக்கிற அடியில் அந்தக் கழுத்து முறியும், முறிந்த எஃகு முகத்துக்கு வரும். பவுல் கௌஜ் ஒரே உருட்டுக் கம்பியில் செய்தது, கழுத்து கிடையாது. உளி செட்டைப் பற்றிச் சொன்னபோது இரண்டையும் தனித்தனியாகச் சொன்னது இதற்காகத்தான்.

இதில் சம்பாதிக்கலாமா?

பூரிக்கட்டையில் முடியாது. ஒரு மாதிரியை வைத்தால் அதையே நகலெடுத்து வெட்டும் காப்பி லேத் வைத்திருக்கும் பட்டறை ஒரு நாளில் அடுக்கிவிடும் எண்ணிக்கையை நீங்கள் ஒரு மாதத்தில் தொட மாட்டீர்கள். பழைய வீட்டு ஊஞ்சலில் ஒரு குமிழ் உடைந்தது, தாத்தா கட்டிலில் ஒரு கால் கரையான் தின்றது, அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று வருகிறார்களே, அந்த வேலைக்குப் பட்டறைகளுக்கு நேரமில்லை. அதற்குக் கேட்கிற காசு கொடுக்கிறார்கள். மீதி மூன்று காலையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துக் கடைந்து கொடுத்தேன் ஒருமுறை. வீட்டில் போய் வைத்துப் பார்த்தால் அந்தக் காலத்து ஆசாரி நாலையும் நாலு விதமாகக் கடைந்திருந்தார்.